சத்தம் எந்தப் பக்கம் இருந்து வருது? மூளைத்தண்டு போடும் ‘மைக்ரோ செகண்ட்’ கணக்கு... பச்சிளம் குழந்தைக்கு ‘பெரா’ டெஸ்ட் ஏன் முக்கியம்?

கச்சிராயபாளையத்தில் இருந்து வெள்ளிமலைக்கு ஏறும் கல்வராயன் மலைப்பாதை. வளைவுக்கு அந்தப் பக்கம் பஸ் ஹாரன் அடிக்கிறது. வண்டி இன்னும் கண்ணில் படவில்லை. ஆனாலும் பைக்கில் போகிறவர் எந்தத் திசையில் இருந்து பஸ் வருகிறது என்று தெரிந்துகொண்டு தன்னால் ஓரம் கட்டுகிறார்.

இதுல என்ன அதிசயம் என்று தோன்றலாம். ஆனால் கண்ணுக்கு இருக்கும் வசதி காதுக்குக் கிடையாது. கண்ணில் விழும் காட்சியில் இடதும் வலதும் தனித்தனி இடத்தில் பதிவாகும். காதில் அப்படி இல்லை. எல்லாத் திசைச் சத்தமும் ஒரே துளை வழியாகத்தான் உள்ளே போகிறது. அப்புறம் திசை எப்படித் தெரியுது?

பதில், கழுத்துக்கு மேலே மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் மூளைத்தண்டில் இருக்கிறது. அங்கே இருக்கும் சில நரம்பு செல்கள்தான் உடலிலேயே மிகத் துல்லியமான கடிகாரங்கள். இந்தக் கடிகாரம் பிசகினால், காது நன்றாக இருந்தும் பேச்சு புரியாமல் போகும். பச்சிளம் குழந்தைகளுக்கு இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய பரிசோதனை இருக்கிறது. முழு விவரத்தையும் பார்க்கலாம்.

இரண்டு காது எதற்கு?

காற்றில் ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர் வேகத்தில் போகிறது. உங்களுக்கு நேர் இடதுபக்கம் ஒருவர் கை தட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சத்தம் முதலில் இடது காதுக்கு வரும். பிறகு தலையைச் சுற்றிக்கொண்டு வலது காதுக்குப் போகும். இந்தத் தாமதம் அதிகபட்சம் 0.6 முதல் 0.7 மில்லி செகண்ட் வரைதான். அதாவது ஒரு நொடியை ஆயிரமாகப் பங்கு போட்டால், அதில் ஒரு பங்குகூட முழுசாக இல்லை.

நேர் எதிரே இருந்து சத்தம் வந்தால் வித்தியாசம் பூஜ்யம். கொஞ்சம் இடதுபக்கம் நகர்ந்தால் வித்தியாசமும் கொஞ்சம் கூடும். இந்த நேர வித்தியாசத்தை வைத்தே மூளை திசையைக் கணக்கிடுகிறது.

இன்னொரு வழியும் உண்டு. தலை மறைப்பதால் தூரத்துக் காதில் சத்தம் கொஞ்சம் குறைவாக விழும். கீச்சுக் குரல் போன்ற உச்ச அதிர்வெண் ஒலிகளுக்கு இந்தச் சத்த அளவு வித்தியாசமும், கனத்த குரல் போன்ற தாழ்ந்த ஒலிகளுக்கு நேர வித்தியாசமும் உதவுகின்றன. இந்த ‘இரட்டை வழி’ விளக்கத்தை 1907-ல் சொன்னவர் இங்கிலாந்து இயற்பியலாளர் ராலே பிரபு.

மாத்திரையைப் பத்தாயிரம் கூறு போட்டால்...

பள்ளியில் தமிழ் இலக்கணம் படித்தபோது ‘மாத்திரை’ என்று ஒரு அளவு வந்தது நினைவிருக்கும். இயல்பாகக் கண் இமைக்கும் நேரம் அல்லது கை நொடிக்கும் நேரம் ஒரு மாத்திரை. குறிலுக்கு 1, நெடிலுக்கு 2, மெய்க்கு அரை.

கண் ஒருமுறை இமைக்க 100 மில்லி செகண்டுக்குக் குறையாமல் ஆகும். நல்ல செவித்திறன் உள்ளவர்கள் இரண்டு காதுகளுக்கு இடையே உணரக்கூடிய மிகச் சிறிய நேர வித்தியாசம் சுமார் 10 மைக்ரோ செகண்ட். ஒரு மைக்ரோ செகண்ட் என்பது நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அதாவது ஒரு மாத்திரையைப் பத்தாயிரம் கூறு போட்டு, அதில் ஒரு கூறைக்கூட மூளை கவனிக்கிறது!

தூரக் கணக்கில் சொன்னால், 10 மைக்ரோ செகண்டில் ஒலி 3.4 மில்லிமீட்டர்தான் நகரும். ஏறக்குறைய ஒரு உளுந்தின் அளவு.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நரம்பு செல் ஒன்று அனுப்பும் ஒரு மின்துடிப்பே சுமார் 1 மில்லி செகண்ட் நீடிக்கும். அதாவது அளக்க வேண்டியதைவிட அளவுகோல் நூறு மடங்கு தடிமன். அதை வைத்துக்கொண்டு எப்படி அளக்கிறது என்பதுதான் விஞ்ஞானிகளைப் பல பத்தாண்டுகளாக ஆச்சரியப்பட வைத்த கேள்வி.

வீட்டிலேயே செய்து பாருங்க

சுமார் ஒரு மீட்டர் நீள பிளாஸ்டிக் டியூப் போதும். ஒரு முனையை இடது காதுக்குப் பக்கத்திலும், மறு முனையை வலது காதுக்குப் பக்கத்திலும் வைத்துக்கொள்ளுங்கள். காதுக்குள் திணிக்க வேண்டாம். டியூப் முதுகுப் பக்கம் தொங்கட்டும். சரியாக நடுவில் பேனாவால் ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

இப்போது வேறொருவரை அந்தக் கோட்டில் லேசாகத் தட்டச் சொல்லுங்கள். சத்தம் நடுவில் இருந்து வருவது போல இருக்கும். கோட்டில் இருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளித் தட்டினால், பெரும்பாலானவர்கள் எந்தப் பக்கம் என்று சரியாகச் சொல்லிவிடுவார்கள். அந்த ஒரு சென்டிமீட்டரால் இரு காதுக்கும் இடையே 2 சென்டிமீட்டர் பாதை வித்தியாசம் வருகிறது. நேரத்தில் சுமார் 60 மைக்ரோ செகண்ட். நீங்கள் யோசிக்கவே இல்லை. மூளைத்தண்டு கணக்கை முடித்துவிட்டது.

மூளைத்தண்டுக்குள் என்னதான் நடக்குது?

முதல் கட்டம் உள்காது. நத்தை ஓடு போலச் சுருண்டிருக்கும் காக்ளியாவில், ஒவ்வொரு காதிலும் சுமார் 3,500 உள் மயிர்செல்கள் இருக்கின்றன. ஒலி அலை ஏறி இறங்கும்போது இவற்றின் நுனியில் உள்ள நுண்மயிர்கள் சாய்ந்து நிமிர்கின்றன. அலையின் குறிப்பிட்ட கட்டத்தில் மட்டும் நரம்புக்குச் சமிக்ஞை போகும். சத்தத்தின் தாளத்துக்கு நரம்பு ஒத்துத் துடிக்கிறது என்று சொல்லலாம்.

இரண்டாவது கட்டம், செவி நரம்பு மூளைத்தண்டில் நுழைந்ததும் வரும் ‘காக்ளியர் நியூக்ளியஸ்’. இங்கே ‘புஷ்ஷி செல்’ என்ற செல்கள் இருக்கின்றன. கிளைகள் புதர் போல இருப்பதால் இந்தப் பெயர். மூளையின் மற்ற இடங்களில் ஒரு நரம்பு இன்னொரு செல்லைச் சின்னப் புள்ளி அளவில்தான் தொடும். இங்கே நரம்பு முனை பெரிதாகி, ஐந்து விரலால் பந்தைப் பிடிப்பது போலச் செல்லைக் கவ்வியிருக்கும். ஜெர்மானிய உடற்கூறியலாளர் ஹான்ஸ் ஹெல்ட் 1893-ல் இதை விவரித்தார். இன்றும் அவர் பெயரில்தான் அழைக்கப்படுகிறது. பிடி பெரிதாக இருப்பதால், வந்த செய்தி தாமதமோ தடுமாற்றமோ இல்லாமல் அப்படியே கைமாறுகிறது.

மூன்றாவது கட்டம்தான் முக்கியம். இடது, வலது காதுகளில் இருந்து வரும் செய்திகள் முதல்முறையாகச் சந்திக்கும் இடங்களில் ஒன்று ‘மீடியல் சுப்பீரியர் ஆலிவ்’. சுருக்கமாக எம்.எஸ்.ஓ. இங்குள்ள செல்களுக்கு இரண்டு பக்கம் கிளைகள். ஒரு கிளைக்கு இடது காதுச் செய்தி, இன்னொரு கிளைக்கு வலது காதுச் செய்தி. இரண்டும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தால்தான் இந்த செல் பலமாகத் துடிக்கும்.

ஓட்டைக் குடம் தந்திரம்

‘ஒரே நேரம்’ என்பதை ஒரு செல் எப்படித் தெரிந்துகொள்ளும்? அதனிடம் கடிகாரம் இல்லையே?

அடியில் பெரிய ஓட்டை உள்ள ஒரு குடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினால் உடனே வடிந்துவிடும். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு சொம்பு ஊற்றினாலும் அதுவும் வடிந்துவிடும். குடம் நிரம்பாது. ஆனால் இரண்டு சொம்பையும் ஒரே சமயத்தில் கவிழ்த்தால், வடிவதற்குள் தண்ணீர் விளிம்பைத் தொட்டு வழியும்.

எம்.எஸ்.ஓ. செல்லும் அப்படித்தான். அதன் சவ்வில் பொட்டாசியம் வாயில்கள் ஏராளம். மின்னழுத்தம் லேசாக ஏறியதுமே அவை திறந்து, வந்த மின்னோட்டத்தை வெளியே கசியவிடும். ஒற்றைச் செய்தி வந்தால் தடம் தெரியாமல் அழிந்துவிடும். இரண்டு செய்தியும் சேர்ந்து வந்தால் மட்டுமே எல்லையைத் தாண்டி செல் துடிக்கும்.

வேறு செல்களுக்குக் கசிவு என்பது பலவீனம். இங்கே கசிவுதான் பலம். அதற்கு விலையும் உண்டு. கசிந்ததை ஈடுகட்ட இந்த செல்கள் எப்போதும் நிறைய ஆற்றலைச் செலவழிக்க வேண்டியிருக்கிறது.

வயல்வெளிக் கூகை சொன்ன பாடம்

நெல் வயலில் எலித் தொல்லையைக் குறைக்க, ‘டி’ வடிவத்தில் கம்பு நட்டு வைப்பதை நம் ஊர்ப் பக்கம் பார்த்திருப்பீர்கள். இரவில் ஆந்தையும் கூகையும் வந்து உட்கார்ந்து எலியைப் பிடிக்கட்டும் என்பதற்காகத்தான். வெள்ளை முகத்தோடு இருக்கும் கூகை, கும்மிருட்டிலும் எலியின் சலசலப்பை மட்டும் கேட்டு அதைப் பிடித்துவிடும். இந்தப் பறவைதான் ஒரு பெரிய அறிவியல் புதிரை அவிழ்க்க உதவியது.

1948-ல் அமெரிக்க உளவியலாளர் லாயிட் ஜெஃப்ரஸ் ஒரு யோசனை சொன்னார். ஒரு நீளமான தெரு. இரண்டு முனையில் இருந்தும் இரண்டு பேர் ஒரே வேகத்தில் ஓடி வருகிறார்கள். ஒரே நேரத்தில் கிளம்பினால் தெருவின் நடு வீட்டு வாசலில் சந்திப்பார்கள். இடதுபக்க ஆள் முன்னாடியே கிளம்பியிருந்தால், சந்திப்பு வலதுபக்க வீடு ஒன்றின் வாசலில் நடக்கும். எந்த வீட்டு வாசலில் சந்தித்தார்கள் என்று தெரிந்தால், யார் எவ்வளவு முன்னாடி கிளம்பினார் என்று சொல்லிவிடலாம்.

மூளையில் ‘தெரு’ என்பது நரம்பு இழை. ‘வீடுகள்’ என்பவை வரிசையாக நிற்கும் செல்கள். எந்த செல் துடிக்கிறதோ அதுவே திசை.

வெறும் கற்பனையாக இருந்த இந்த யோசனைக்குக் கூகையின் மூளையில் ஆதாரம் கிடைத்தது. அமெரிக்காவின் கால்டெக் நிறுவனத்தில் மசகாசு கொனிஷியும் எரிக் நுட்சனும் 1978-ல் கூகையின் மூளையில் ஒலியின் ‘வரைபடம்’ இருப்பதைக் காட்டினார்கள். 1990-ல் கேத்தரின் காரும் கொனிஷியும், ஜெஃப்ரஸ் சொன்ன மாதிரியே தாமதத்தை உண்டாக்கும் நரம்பு இழைகள் அந்தப் பறவையிடம் இருப்பதை வெளியிட்டார்கள்.

அப்போ மனிதருக்கும் அதேதானா? அங்கேதான் விவாதம். ஜெர்பில் என்ற சிறிய பாலூட்டியில் நடந்த ஆய்வு 2002-ல் வெளியானது. பாலூட்டிகளில், துடிப்பை அடக்கும் சமிக்ஞைகளும் மிகத் துல்லியமான நேரத்தில் வந்து கணக்கைத் திருத்துகின்றன என்று அது காட்டியது. பறவையும் பாலூட்டியும் ஒரே கணக்கை வேறு வேறு வழியில் போட்டிருக்கலாம் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. ஆனால் ‘இரண்டும் சேர்ந்து வந்தால் துடி’ என்ற அடிப்படை இரண்டிலும் உண்டு.

மலையில் எதிரொலி குழப்பாதா?

நல்ல கேள்வி. மலைச்சரிவில் ஹாரன் அடித்தால், நேராக வரும் ஒலியோடு பாறையில் பட்டுத் திரும்பும் ஒலியும் சேர்ந்தே வரும். வீட்டுக்குள்ளேயும் இதே கதைதான். சுவர், கூரை என எல்லாப் பக்கமும் ஒலி பட்டுத் திரும்புகிறது.

மூளை இங்கே ஒரு விதியைப் பின்பற்றுகிறது. முதலில் வந்து சேர்ந்த ஒலிக்கே திசையைச் சொல்லும் உரிமை. சில மில்லி செகண்ட் கழித்து வரும் எதிரொலியின் திசையை அது ஒதுக்கிவிடும். 1949-ல் ஹான்ஸ் வாலக் தலைமையிலான குழு இதை ஆராய்ந்து ‘முன்னுரிமை விளைவு’ என்று பெயர் வைத்தது. எதிரொலி ரொம்பத் தாமதமாக, தனிச் சத்தமாக வந்தால்தான் மலைப்பாதையில் குழப்பம் வரும்.

‘படு’, ‘பட்டு’, ‘பாட்டு’... இதற்கும் அதே கடிகாரமா?

நேரக் கணக்கு திசைக்கு மட்டும் இல்லை. பேச்சைப் புரிந்துகொள்ளவும் அதுதான் அடிப்படை. ‘படு’ என்பதற்கும் ‘பட்டு’ என்பதற்கும் நடுவே பெரிய வித்தியாசம், ஒலி எவ்வளவு நேரம் அடைபட்டு நிற்கிறது என்பதுதான். ‘பட்டு’, ‘பாட்டு’ இரண்டையும் பிரிப்பது உயிரின் நீளம்.

காக்ளியர் நியூக்ளியஸில் ‘ஆக்டோபஸ் செல்’ என்று ஒரு வகை உண்டு. கிளைகள் ஒரே பக்கமாக நீண்டு, ஆக்டோபஸ் கை மாதிரி இருப்பதால் இந்தப் பெயர். ஒவ்வொரு கிளையும் பல செவி நரம்பு இழைகளைக் குறுக்காகத் தொட்டுக்கொண்டு போகும். பல அதிர்வெண்களின் செய்தி ஏறத்தாழ 1 மில்லி செகண்டுக்குள் சேர்ந்து வந்தால்தான் இது துடிக்கும். கை தட்டுவது, கதவு சாத்துவது, ஒரு சொல்லில் வல்லினம் வெடித்துத் தொடங்குவது என ‘இதோ, இப்போ ஆரம்பிச்சாச்சு’ என்று சொல்வதுதான் இதன் வேலை. இங்கேயும் அதே ஓட்டைக் குடம் தந்திரம்தான்.

கடிகாரம் பிசகினால் என்ன ஆகும்?

இதுதான் ஒவ்வொரு பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டிய பகுதி.

‘ஆடிட்டரி நியூரோபதி’ என்று ஒரு பாதிப்பு இருக்கிறது. 1996-ல் ஆர்னால்ட் ஸ்டார் குழுவினர் இந்தப் பெயரை வைத்தார்கள். இதில் ஒலியைப் பெருக்கும் வெளி மயிர்செல்கள் நன்றாக இருக்கும். ஆனால் அடுத்து வரும் நரம்புச் சமிக்ஞைகள் ஒன்றுசேராமல், தாளம் தப்பிப் போகும். குழந்தைக்குச் சத்தம் விழும். ஆனால் சொல் பிடிபடாது. ஒருநாள் திரும்பிப் பார்க்கும், இன்னொரு நாள் பார்க்காது. ‘காது கேக்குது, கவனிக்க மாட்டேங்குறான்’ என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். பேச்சு வளர வேண்டிய காலம் கடந்துவிடும்.

இதற்குப் பொதுவான காரணங்கள்: குறைமாதப் பிரசவம், பிறந்தபோது மூச்சுத்திணறல், கடுமையான மஞ்சள் காமாலை, மரபணுக் குறைபாடு. ரத்தத்தில் பிலிருபின் மிக அதிகமானால் அது மூளைக்குள் நுழையும். செவி நரம்பும் மூளைத்தண்டின் செவிப் பகுதிகளும் எளிதில் பாதிக்கப்படும் இடங்கள். அதனால் பிறந்த குழந்தையின் கண்ணும் தோலும் மஞ்சளாகத் தெரிந்தால், ‘வெயில்ல காட்டினா சரியாயிடும்’ என்று காத்திருக்கக் கூடாது. மருத்துவமனையில் நீல ஒளிச் சிகிச்சை எளிதாகக் கிடைக்கும்.

உறவுத் திருமணமும் கவனிக்க வேண்டியது. நாட்டிலேயே உறவுக்குள் கல்யாணம் அதிகம் நடக்கும் மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. பெற்றோர் இருவரிடமும் ஒரே மரபணுக் குறை ஒளிந்திருந்தால், அது குழந்தையிடம் வெளிப்படும் வாய்ப்பு கூடும்.

‘ஓ.ஏ.இ.’ டெஸ்ட் பாஸ்... அப்புறம் எதுக்கு ‘பெரா’?

பிறந்த குழந்தைகளுக்குப் பொதுவாக முதலில் எடுப்பது ஓ.ஏ.இ. பரிசோதனை. ஆரோக்கியமான உள்காது தானே மெல்லிய ஒலியை வெளிவிடும் என்பதை 1978-ல் லண்டனில் டேவிட் கெம்ப் கண்டுபிடித்தார். அந்த ஒலியைச் சின்ன மைக் வைத்துப் பிடிப்பதுதான் இது. சில நிமிடங்களில் முடியும்.

ஆனால் இது உள்காதின் வெளி மயிர்செல்களை மட்டும்தான் சோதிக்கும். நரம்பும் மூளைத்தண்டும் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று இதில் தெரியாது. ஆடிட்டரி நியூரோபதி உள்ள குழந்தை இதில் ‘பாஸ்’ ஆகிவிடும்!

அதைப் பிடிக்கத்தான் ‘பெரா’. குழந்தை தூங்கும்போது நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் சிறு மின்முனைகளை ஒட்டுவார்கள். காதில் ‘டிக் டிக்’ என்று ஆயிரக்கணக்கான சத்தங்களைக் கொடுத்து, மூளைத்தண்டின் பதிலைச் சராசரி எடுப்பார்கள். 1971-ல் டான் ஜூவெட், ஜான் வில்லிஸ்டன் இருவரும் விவரித்த முறை இது. சத்தம் கொடுத்த 10 மில்லி செகண்டுக்குள் ஐந்து முக்கிய அலைகள் வரும். முதல் அலை செவி நரம்பில் இருந்து. அடுத்தடுத்தவை மூளைத்தண்டின் படிகளில் இருந்து. ஊசி கிடையாது, வலி கிடையாது, கதிர்வீச்சும் கிடையாது.

முக்கியமான விஷயம், ஆயிரக்கணக்கான நரம்புகள் ஒரே நேரத்தில் துடித்தால்தான் இந்த அலை வரைபடத்தில் தெரியும். தாளம் தப்பினால் அலையே வராது. அதாவது பெரா அளப்பது, இந்தக் கட்டுரை முழுக்க நாம் பேசிய அந்த நேர ஒழுங்கைத்தான்.

யாருக்குக் கட்டாயம் கேட்டுப் பெற வேண்டும்?

• பச்சிளம் குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் 5 நாளுக்கு மேல் இருந்த குழந்தை
• மஞ்சள் காமாலைக்கு ரத்தம் மாற்ற வேண்டிய அளவுக்குப் போன குழந்தை
• குடும்பத்தில் பிறவிக் காது கேளாமை இருந்தால்
• ஓ.ஏ.இ. பாஸ் ஆகியும் பேச்சு வளர்ச்சியில் சந்தேகம் இருந்தால்

மருத்துவர்கள் சொல்லும் எளிய கணக்கு ‘1-3-6’. ஒரு மாதத்துக்குள் முதல் பரிசோதனை, 3 மாதத்துக்குள் உறுதியான முடிவு, 6 மாதத்துக்குள் சிகிச்சையும் பயிற்சியும்.

கள்ளக்குறிச்சிக்காரர்கள் எங்கே போகணும்?

விழுப்புரத்தில் இருந்து பிரிந்து 2019 நவம்பர் 26-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி, 2022 ஜனவரி 12-ல் தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 மருத்துவக் கல்லூரிகளில் ஒன்று. காது-மூக்கு-தொண்டை பிரிவில் முதலில் காட்டலாம்.

2013-ல் தொடங்கிய தேசிய குழந்தைகள் நலத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே.-வில் பிறவிக் காது கேளாமையும் உண்டு. இதன் நடமாடும் குழுக்கள் அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை, அரசுப் பள்ளிக்கு ஒரு முறை வர வேண்டும். சேராப்பட்டு, இன்னாடு, கரியாலூர் போன்ற மலைக் கிராமங்களில் இருப்பவர்களுக்கு, அந்தக் குழு வரும் நாளைக் கிராம சுகாதார செவிலியரிடமோ அங்கன்வாடியிலோ கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. சந்தேகத்துக்கு 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணும் இருக்கிறது.

சிகிச்சை இருக்கா?

இருக்கிறது. பாதிப்பு எந்தப் படியில் என்பதைப் பொறுத்து அது மாறும்.

மயிர்செல்களில் மிதமான பாதிப்பு என்றால் காது கேட்கும் கருவி. கடுமையான பாதிப்பு என்றால் காக்ளியர் இம்ப்ளாண்ட். காக்ளியாவுக்குள் மின்முனைகளைப் பொருத்தி, நரம்பை நேரடியாகத் தூண்டும் கருவி இது. பல லட்சம் ரூபாய் செலவாகும் இந்த அறுவை சிகிச்சையை, தகுதியுள்ள 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இலவசமாகச் செய்துகொள்ளலாம். ஆடிட்டரி நியூரோபதி உள்ள பல குழந்தைகளுக்கும் இது பலன் தருகிறது. கருவி பொருத்தியதோடு வேலை முடியாது. பேச்சுப் பயிற்சி தொடர வேண்டும்.

செவி நரம்பே இல்லாதவர்களுக்கு, மின்முனையை நேராக மூளைத்தண்டின் காக்ளியர் நியூக்ளியஸ் மேல் வைக்கும் முறை உண்டு. 1979-ல் லாஸ் ஏஞ்சலீஸில் முதன்முதலில் செய்யப்பட்டது. இப்போது சென்னையிலும் செய்யப்படுகிறது.

மரபணு சிகிச்சையும் வரத் தொடங்கிவிட்டது. ‘ஓட்டோஃபெர்லின்’ என்ற புரதம் இல்லாமல் பிறந்த 6 குழந்தைகளுக்குச் சீனாவின் ஷாங்காயில் இந்தச் சிகிச்சை தரப்பட்டு, 5 பேருக்குக் கேட்கும் திறன் கிடைத்ததாக 2024 ஜனவரியில் ‘லான்செட்’ இதழில் வெளியானது. ஆடிட்டரி நியூரோபதிக்குக் காரணமான மரபணுக் குறைகளில் இது ஒன்று.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். இன்றைய இம்ப்ளாண்ட் கருவிகள் பேச்சைப் புரிய வைப்பதில் சிறப்பு. ஆனால் மைக்ரோ செகண்ட் நேர வித்தியாசத்தை இரண்டு காதுக்கும் ஒத்திசைத்துக் கொடுப்பதில் இன்னும் பின்தங்கியே இருக்கின்றன. இம்ப்ளாண்ட் வைத்தவர்கள் சந்தைக்கடை மாதிரி இரைச்சலான இடத்தில் சிரமப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வீட்டில் எதைக் கவனிக்கணும்?

• பலத்த சத்தத்துக்கு 3 மாதக் குழந்தை திடுக்கிடவே இல்லை
• 6 மாதம் ஆகியும் சத்தம் வந்த பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை
• ஒரு வயதாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை; ‘அம்மா’, ‘தாத்தா’ போன்ற ஒற்றைச் சொல்லும் வரவில்லை

‘எங்க வீட்டுல எல்லாருமே லேட்டாத்தான் பேசினாங்க’ என்று தள்ளிப்போட வேண்டாம். குழந்தையின் முதல் சில ஆண்டுகளில்தான் மூளை மொழியைப் பிடிக்கிறது. மேலே சொன்னவற்றில் ஒன்று இருந்தாலும் காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் காட்டி, “பெரா எடுக்கணுமா டாக்டர்?” என்று கேளுங்கள்.